ரெயஸின் மேசையும் வான் போனிங்கின் மேசையும்

பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நான்கு பேர் கூடினால் ஒரு வழக்கு எழாமல் இருக்காது. உச்சத்தில் இருந்த எஃப்ரென் ரெயஸ் இன்றைய ஆட்டக்காரர்களோடு மோதினால் யார் கை ஓங்கும்? பழையவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், ‘அந்தக் கை இனி வராது’ என்பார்கள். யூடியூபில் ஷேன் வான் போனிங்கையும் ஃபியோடர் கோர்ஸ்ட்டையும் பார்த்துக் கற்பவர்கள், ‘இவர்கள் ஒரு பந்தைக்கூட விடுவதில்லையே’ என்பார்கள். இரு தரப்பும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே ஆட்களை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அவர்கள் நின்று ஆடிய மேசையை மறந்துவிடுகிறார்கள். துணி மாறியிருக்கிறது, குழி சுருங்கியிருக்கிறது, விதி மாறியிருக்கிறது, பந்து அடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. அந்தந்தக் காலத்து மேசை எதைக் கேட்டதோ அதுதான் அந்தந்தக் காலத்து ஆட்டக்காரர் கையில் முற்றி வளர்ந்தது. புதிதாகக் கற்க வருகிறவருக்கு இந்த ஒப்பீடு பயன்பட வேண்டுமென்றால் மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் பச்சைத் துணி போட்ட மேசை என்றாலே ஸ்னூக்கர்தான் நினைவுக்கு வரும். அதன் விதிகள் உருப்பெற்றதில் ஊட்டி கிளப்புக்குப் பங்கு உண்டு என்பதால் அது இயல்புதான். நைன் பால் ஆட்டம் நமக்குச் சற்றே தள்ளி நிற்பது. ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். மேசையில் மிச்சமிருப்பவற்றில் ஆகக் குறைந்த எண்ணை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதைக் குழியில் போடுகிறவருக்கு அந்த ஆட்டம். கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் உடனே உறைக்கும். கேரமில் ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு முறையும் நம் கோட்டுக்குத் திரும்பி வந்துவிடும். இங்கே வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்தே அடுத்த அடி. பந்தைக் குழியில் போடுவது பாதி வேலைதான். வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்குத் தோதான இடத்தில் நிறுத்துவது மறுபாதி. எல்லாக் காலத்து ஆட்டக்காரர்களுக்கும் பொதுவான சோதனை அது.

ரெயஸ் 1954-ல் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே மணிலாவில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமா நடத்தியது ‘லக்கி 13’ என்ற பில்லியர்ட்ஸ் கூடம். பகலில் அங்கே எடுபிடி வேலை. இரவில் கூடம் மூடியதும் அந்த மேசைதான் படுக்கை. மேசை எட்டாத வயதில் குளிர்பானப் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி, அவற்றின் மேல் ஏறி நின்று ஆடினார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் என்று யாரும் இல்லை. பணம் வைத்து ஆடும் பெரியவர்களைப் பார்த்ததும், பிறகு அவர்களோடே பணம் வைத்து ஆடியதும்தான் படிப்பு. அதே கூடத்தில் இன்னொரு மூத்த எஃப்ரென் இருந்ததால் இவருக்குச் சிறுவன் என்று பொருள்படும் ‘பாடா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எழுபது வயதிலும் அவர் ரசிகர்களுக்கு ‘பாடா’தான்.

அந்தக் கூடத்தில் அவர் அதிகம் ஆடியது ‘ரொட்டேஷன்’. பதினைந்து பந்துகளும் மேசையில் இருக்கும், எண் வரிசைப்படிதான் தொட வேண்டும், பந்தின் எண்ணே மதிப்பெண், மொத்தம் 120, முதலில் 61 எடுப்பவருக்கு வெற்றி. ஒன்பது பந்து ஆட்டத்தையே நெரிசல் என்று நினைப்பவர்கள் பதினைந்து பந்துகளுக்கு நடுவே ஒரே ஒரு குறிப்பிட்ட பந்தைத் தேடிப் போக வேண்டிய நிலையை எண்ணிப் பார்க்கலாம். நேர் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். மேசையின் ரப்பர் ஓரமான குஷனில் மோதித் திரும்பி வந்துதான் தொட வேண்டும். இதற்கு மேல், குழியே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸையும் அவர் ஆடினார். அதில் குஷன் கணக்குத்தான் ஆட்டமே. குஷனைத் தடுப்புச் சுவராகப் பார்க்காமல் பாதையாகப் பார்க்கும் கண் அவருக்கு இப்படித்தான் வந்தது. பிறவி மேதை என்று சொல்லி இந்த உழைப்பைக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1985-ல் அவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகருக்குப் போனார். பெயர் வெளியே தெரிந்துவிட்டால் யாரும் பணம் வைத்து ஆட மாட்டார்கள் என்பதால் ‘சீசர் மொராலஸ்’ என்ற பெயரில் போட்டியில் இறங்கி, ஜெயித்தும் விட்டார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் முக்கியமாகக் கருதுவது அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த விதி மாற்றத்தை. அதுவரை அங்கே பரவலாக இருந்த நைன் பாலில், தொட வேண்டிய பந்து மறைந்திருந்தால் வெள்ளைப் பந்தைச் சும்மா வேறு இடத்துக்குத் தள்ளிவிடலாம். அடுத்தடுத்து இரண்டு ஃபவுல் செய்தால்தான் தண்டனை. எண்பதுகளில் அது மாறி, ஒரே ஃபவுலுக்கு வெள்ளைப் பந்து எதிராளியின் கைக்குப் போகும் முறை நிலைபெற்றது. அவர் அதை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நல்ல ஆட்டக்காரர் கையில் வெள்ளைப் பந்து கிடைத்தால் அந்த ஆட்டம் பெரும்பாலும் முடிந்த கதை. ஆக, மறைந்திருக்கும் பந்தைக் குஷன் வழியாகத் தேடிப்பிடித்துத் தொடுவது திடீரென்று உயிர் காக்கும் திறமையாக ஆகிவிட்டது. தள்ளிவிட்டுப் பழகிய அமெரிக்கர்களுக்கு அது புதுப் பாடம். ரெயஸ் அதைச் சிறுவயது முதல் செய்துவந்தார். அவரை ‘மந்திரவாதி’ என்று அழைத்தார்கள். மாறிய விதி கேட்ட திறமையை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய மனிதர் என்றுதான் நான் சொல்வேன்.

அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் 1995-ல் ரீனோ நகரில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 12-12 என்று சமநிலை, கடைசி ஆட்டம். ஸ்ட்ரிக்லேண்ட் சேஃப்டி ஆடி ஐந்தாம் பந்தை மறைத்துவிடுகிறார். ரெயஸ் மேசையைச் சுற்றி வருகிறார், குனிகிறார், நிமிர்கிறார். பிறகு அடிக்கிறார். வெள்ளைப் பந்து ஒரு நீளக் குஷனில் மோதி, குறுக்கே பாய்ந்து எதிர்க் குஷனில் மோதி, அங்கிருந்து திரும்பி வந்து ஐந்தாம் பந்தைத் தொட்டு மூலைக் குழியில் போடுகிறது. போட்டதோடு நிற்காமல் ஆறாம் பந்துக்கு வசதியான இடத்தில் போய் நிற்கிறது. தொட்டாலே போதும் என்ற நிலையில், போட்டு, இடமும் பிடித்தார். பந்து விழுந்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கும் இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அந்தத் திசையும் வேகமும் தெரிந்து அடித்தவை என்பதில் சந்தேகமில்லை. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் அதே ஸ்ட்ரிக்லேண்டோடு, முதலில் 120 ஆட்டங்களை வெல்பவருக்கு ஒரு லட்சம் டாலர் என்ற நீண்ட மோதலில் பின்தங்கியிருந்து எழுந்துவந்து 120-117 என்று வென்றார்.

இனி வான் போனிங். 1983-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ரேபிட் சிட்டியில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே காது கேட்பதில் பெரும் குறை. ஆனால் வீடே பில்லியர்ட்ஸ் வீடு. தாத்தா ட்ரிக் ஷாட்டுகளுக்குப் பெயர் பெற்றவர், அம்மாவும் போட்டிகளில் ஆடியவர். பள்ளியில் கேலிக்கு ஆளான பையன் மேசையருகே வந்தால் நிம்மதியாக இருந்தான். இன்றும் போட்டியின்போது காதுக் கருவியை அணைத்துவைத்துவிட்டு ஆடுவது அவர் வழக்கம். அரங்கின் சத்தம் எதுவும் அவரைத் தொடுவதில்லை. யு.எஸ். ஓபன் பட்டத்தை 2007-ல் முதலில் வென்று, பிறகு 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று முறையும் 2016-ல் மீண்டும் ஒரு முறையும் வென்றார். உலகப் பட்டம் மட்டும் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டிருந்தது. 2016 இறுதியாட்டத்தில் ஆஸ்திரியாவின் ஆல்பின் ஊஷனிடம் தோற்றார். 2022-ல் மில்டன் கீன்ஸில் அதே ஊஷனைத் தோற்கடித்து அதையும் பெற்றுவிட்டார்.

அவருடைய மேசை கேட்டது முதலில் பிரேக்கை, அதாவது அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடியை. மணிக்கணக்கில் பிரேக்கை மட்டும் அடித்துப் பழகியவர் அவர். அடுக்கு, உடை, மறுபடி அடுக்கு. ரெயஸின் தலைமுறையில் யாரும் இப்படிப் பழகியதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் சோம்பலாக இருந்திருக்க வழியில்லை. அன்று மர முக்கோணத்தை வைத்துப் பந்துகளை அடுக்குவார்கள். துணியில் பழைய தழும்புகள் இருக்கும். பந்துகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி விழும். பல போட்டிகளில் எதிராளிதான் அடுக்கித் தருவார். வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார் என்ற சண்டையும் நடக்கும். ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறாக இருந்தால் பிரேக்கைத் துல்லியமாகப் பழகி ஆவதென்ன? பிறகுதான் டெம்ப்ளேட் வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாள், பந்து உட்காரத் துளைகள். ஒன்பது பந்துகளும் ஒன்றையொன்று இறுகத் தொட்டுக்கொண்டு உட்காரும். எல்லா அடுக்கும் ஒரே மாதிரி. உடனே அடுக்கின் பக்கவாட்டு மூலையில் இருக்கும் பந்து ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் மூலைக் குழிக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

போட்டி நடத்துபவர்கள் விழித்துக்கொண்டு, முன்பு ஒன்றாம் பந்து நின்ற புள்ளியில் ஒன்பதாம் பந்து வரும்படி அடுக்கை முன்னே நகர்த்தினார்கள். வெள்ளைப் பந்தை எங்கிருந்து அடிக்கலாம் என்பதற்கும் சிறு கட்டம் வரைந்தார்கள். ஆட்டக்காரர்கள் அதற்கும் பதில் கண்டுபிடித்தார்கள்: ஒன்றாம் பந்தை நடுக் குழியில் போடுவது, வெள்ளைப் பந்தை மேசையின் நடுவில் நிறுத்துவது. அதற்கு வேகத்தைவிடத் துல்லியம் அதிகம் வேண்டும். ஜெயித்தவரே அடுத்த பிரேக்கையும் அடிக்கும் போட்டிகளில், பிரேக் கைவந்துவிட்டால் எதிராளி நாற்காலியைவிட்டு எழவே மாட்டார். மறைந்த பந்தைக் குஷன் வழியாகத் தேட வேண்டிய அவசியமே பல நேரம் வராது. ரெயஸ் சிக்கலிலிருந்து வெளிவரக் கற்றார்; வான் போனிங் சிக்கல் உண்டாகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றார். எனக்கு இருவருக்கும் இடையே முதலாவதாகத் தெரியும் வேறுபாடு இதுதான். மற்றவை இதிலிருந்து பிறப்பவை.

கை வீச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெயஸ் பந்தை அடிக்கும் கோலான க்யூவின் கடைக்கோடியைத் தளர்வாகப் பிடிப்பார். பின்னால் இழுக்கும்போது நுனி துணியை உரசுவதுபோல் கீழே போகும். மணிக்கட்டு தண்ணீர் போல ஆடும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பந்து போகிறது என்று தோன்றும். மணிலாவின் ஈரக்காற்றில், மந்தமான துணியில், வெள்ளைப் பந்தை மேசை முழுக்க ஓட்ட அப்படியொரு நீண்ட, இளகிய வீச்சு தேவைப்பட்டது. இன்றைய போட்டி மேசையில் ரோமமில்லாத, இறுக நெய்த துணி. மெதுவாகத் தட்டினாலே பந்து ஓடும். குழியோ ஐந்து அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம் வரை சுருங்கிவிட்டது; பந்தின் விட்டம் இரண்டே கால் அங்குலம். இதில் தளர்ந்த கைக்கு இடம் குறைவு. அதனால்தான் இளையவர்கள் ஸ்னூக்கர்காரர்களைப்போல் தாடையை க்யூவோடு ஒட்டி, முழங்கைக்குக் கீழே மட்டும் அசைய, நேர்கோட்டில் அடிக்கிறார்கள். பக்கச் சுழல் கொடுக்கும்போது வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் சற்று விலகும். பழைய மர க்யூவில் அந்த விலகல் அதிகம், அனுபவத்தால் ஈடுகட்ட வேண்டும். இப்போதைய கார்பன் ஃபைபர் தண்டில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. அன்று வருடக்கணக்கில் கை கற்ற ஒரு பாடத்தின் பெரும்பகுதியை இன்று கருவி ஏற்றுக்கொண்டது.

எண்களை வைத்துத் தீர்க்க முடியாதா என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். பாட் ஃபிளெமிங்கின் ‘அக்யூ-ஸ்டாட்ஸ்’ நிறுவனம் எண்பதுகள் முதல் பெரிய ஆட்டங்களைப் படம்பிடித்து மதிப்பெண்ணும் போட்டுவருகிறது. போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, அதோடு தவறுகளையும் கூட்டிய மொத்தத்தால் வகுப்பதுதான் கணக்கு; .900 வந்தால் உலகத்தரம். அருமையான அளவுகோல்தான், ஆனால் ஐந்து அங்குலக் குழியில் போட்ட பந்துக்கும் நான்கு அங்குலக் குழியில் போட்ட பந்துக்கும் ஒரே மதிப்பு தருகிறது. இன்று உலகமெங்கும் புழங்கும் ‘ஃபார்கோ’ தரவரிசை இன்னும் நுட்பமானது. இருவருக்கும் இடையே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ஆட்டங்களை வெல்வார் என்று அது கணிக்கிறது. ஆனால் அது ஒருவரோடொருவர் ஆடிய ஆட்டங்களின் பதிவிலிருந்து பிறப்பது. ரெயஸின் பொற்காலத்து ஆட்டங்கள் அந்த வலைக்குள் வரவில்லை.

சாதனை எண்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வில்லி மொஸ்கோனி ஒரு பாடம். தொடர்ந்து பந்து போட்டுக்கொண்டே போகும் ‘ஸ்ட்ரெய்ட்’ ஆட்டத்தில், 1954-ல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் 526 பந்துகளைத் தவறவிடாமல் போட்டார். 65 ஆண்டுகள் அதுவே சாதனை. 2019-ல் ஜான் ஷ்மிட் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் 626 போட்டு அதைத் தாண்டினார். இவர் மேலா, அவர் மேலா? மொஸ்கோனியின் மேசை எட்டடி, ஷ்மிட்டின் மேசை ஒன்பதடி. அந்த வகையில் ஷ்மிட் செய்தது கடினம். ஆனால் ஷ்மிட் இதற்காகவே மாதக்கணக்கில் நாள்தோறும் முயன்றார். தவறினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. மொஸ்கோனி ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடியவர். அன்று எதிரே ஓர் உள்ளூர்க்காரர் உட்கார்ந்திருக்க, 200 பந்து இலக்கைத் தாண்டியும் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார். இரண்டுமே பெரும் சாதனைகள். எண்ணை மட்டும் அருகருகே எழுதினால் இரண்டில் எதுவும் விளங்காது.

என் தீர்ப்பைச் சொல்ல வேண்டுமானால், தயங்காமல் சொல்கிறேன். இன்றைய மேசையில், இன்றைய டெம்ப்ளேட்டோடு, நான்கு அங்குலக் குழியில் நைன் பால் ஆடினால், 1995-ன் ரெயஸை வான் போனிங் வெல்வார். 2000-ல் பிறந்து, 2019-லும் 2024-லும் உலகப் பட்டம் வென்ற கோர்ஸ்ட் இன்னும் எளிதாக வெல்வார். உலகத்தின் முதல் ஐம்பது பேரை எடுத்துக்கொண்டால் இன்றைய தரம் அன்றைய தரத்தைவிட வெகு உயரம். அது பழையவர்களின் குறையாகாது. குஷன் வழியாகத் தொடும் ரெயஸின் கிக் ஷாட்டை வீடியோவில் ஓட்டி நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்துத்தான் இந்தத் தலைமுறை வளர்ந்தது. அவர் இரவெல்லாம் கண்விழித்து அடுத்த மேசையைப் பார்த்துக் கற்றதை இவர்கள் ஒரு மாலையில் கற்றுவிடுகிறார்கள். அதற்கு மேலே கட்டுகிறார்கள்.

ஆனால் எல்லா ஆட்டங்களையும் ஆடக்கூடிய ஒரே மனிதர் யார் என்று கேட்டால் நான் ரெயஸின் பக்கம் நிற்பேன். 1994-ல் யு.எஸ். ஓபனை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். 1999-ல் கார்டிஃபில் நைன் பால் உலகப் பட்டம், 2004-ல் ஃபுஜைராவில் எய்ட் பால் உலகப் பட்டம். வெவ்வேறு ஆட்டங்களைச் சேர்த்து நடத்தும் டெர்பி சிட்டி கிளாசிக்கில் ஒட்டுமொத்தத் தலைவர் பட்டம் ஐந்து முறை. 2019-ல், அறுபத்தைந்து வயதில், சொந்த நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் குழியில்லாத கேரம் பில்லியர்ட்ஸில் வெண்கலம். ஒரே வகை ஆட்டத்தை ஒரே வகை அடுக்கில் ஆண்டுமுழுதும் ஆட வைக்கும் இன்றைய போட்டி உலகம் இத்தனை அகலமான ஒருவரை உருவாக்குமா என்பது எனக்கு உண்மையான கவலை. பணமும் காரணம்தான், போட்டித் தொடர்கள் எதற்குப் பரிசு வைக்கின்றனவோ அதைத்தானே இளைஞர் பழகுவார்.

கற்க வருகிறவர் இந்த இருவரில் யாரை முதலில் பின்பற்றுவது? நிற்பதிலும் அடிப்பதிலும் புதியவர்களைத்தான். ரெயஸின் தளர்ந்த மணிக்கட்டைக் காப்பியடிக்கும் இளைஞர்களை எந்தக் கூடத்திலும் பார்க்கலாம்; அவருக்கு அது சிறுவயதிலிருந்து கோடிமுறை அடித்துப் படிந்தது, நமக்கு அது கையை மட்டும் கெடுக்கும். தலை தாழ்ந்திருக்கட்டும், முழங்கை அசையாதிருக்கட்டும், அடித்த பிறகும் ஒரு கணம் எழுந்திருக்க வேண்டாம். மூன்று பந்துகளை மேசையில் இறைத்து, வெள்ளைப் பந்தைக் கையால் வைத்து, எண் வரிசைப்படி போடப் பழகலாம். மூன்றும் தடையில்லாமல் விழத் தொடங்கும்வரை நான்காவது பந்து வேண்டாம்.

அதற்குப் பிறகு ரெயஸிடம் வர வேண்டும். இன்றைய கற்றலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: தவறிவிட்டால் பந்தை மறுபடி பழைய இடத்தில் வைத்து அடிக்கிறோம். மேசையில் யாரும் அப்படி வைத்துத் தருவதில்லை. தவறினால் வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே தொடருங்கள், அடுத்த பந்து மறைந்திருந்தாலும் சரி. மரச்சட்டத்தில் பதித்த புள்ளிகளை எண்ணி, வெள்ளைப் பந்து குஷனில் எந்தக் கோணத்தில் போகிறதோ ஏறத்தாழ அதே கோணத்தில் திரும்பும் என்ற கணக்கில் ஒரு குஷன் வழியாகத் தொட்டுப்பாருங்கள். பக்கச் சுழல் இல்லாமல், நடுத்தர வேகத்தில். அழுத்தி அடித்தால் கோணம் குறுகும். அதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குஷன் கைவந்ததும் இரண்டு. பிறகு நண்பரைக் கூப்பிட்டு, பதினைந்து பந்து ரொட்டேஷனை 61 புள்ளிக்கு ஆடிப்பாருங்கள். எண் போட்ட பதினைந்து பந்துகள் இருக்கும் எந்தக் கூடத்து மேசையிலும் ஆடலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.